கிராஃபிக்ஸ் கார்டின் வோல்டேஜைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தக் கிராஃபிக்ஸ் கார்டும் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. ஒரே மாடலில் வரும் சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. அவற்றில் மிகச் சுமாரானதும் காற்றோட்டம் இல்லாத கேஸுக்குள் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக ஓர் அளவை வைத்துவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பது நல்ல சிப் என்றால், அந்த உபரி முழுக்கச் சூடாக மாறி ஃபேன் தலையில் விழுகிறது. அதைக் குறைப்பதுதான் அண்டர்வோல்ட்.

கிடைக்கும் பலன் சின்னதல்ல. கிளாக், அதாவது சிப் ஓடும் வேகம், மாறாமல் இருந்தால், சிப் இயங்கச் செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 1.05 வோல்ட்டிலிருந்து 0.90 வோல்ட்டுக்கு இறங்கினால் அந்தச் செலவில் ஏறக்குறைய 27 சதவீதம் மிச்சம். மெமரி, கசிவு மின்சாரம், கார்டில் உள்ள மற்ற சுற்றுகள் எல்லாம் தனிக் கணக்கு என்பதால், ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற 320 வாட் கார்டு அப்படியே 27 சதவீதம் இறங்கிவிடாது. ஆனாலும் வித்தியாசம் காதுக்கே தெரியும். இவ்வளவு பயனுள்ள வேலையை, ‘சூடு குறையவே இல்லை’, ‘கேம் நடுவில் மூடிக்கொள்கிறது’ என்று சொல்லிப் பலர் பாதியில் விட்டுவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டு புகாருக்கும் காரணம் பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மிச்சமானதைக் கார்டே செலவழிக்க விடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இன்றைய கார்டுகள் நிலையான கிளாக்கில் ஓடுவதில்லை. மின்சாரத்திலும் வெப்பநிலையிலும் இடம் இருக்கும்வரை கிளாக்கை ஏற்றிக்கொண்டே போகும். நீங்கள் வோல்டேஜைக் குறைத்து 40 வாட் மிச்சப்படுத்திக் கொடுத்தால், அந்த 40 வாட்டையும் எடுத்து இன்னும் வேகமாக ஓடப் பார்க்கும்.

ஏஎம்டி கார்டுகளில் இதைத் தெளிவாகக் காணலாம். ஆர்எக்ஸ் 7000 வரிசைக் கார்டு ஒன்றில் அட்ரினலின் மென்பொருளைத் திறந்து வோல்டேஜ் ஸ்லைடரை மட்டும் கீழே இழுத்துவிட்டு, கனமான ஒரு கேமை ஓடவிடுங்கள். கிளாக் ஏறியிருக்கும், எஃப்பிஎஸ் (வினாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) கொஞ்சம் கூடியிருக்கும், வாட் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். வாட் குறையாவிட்டால் சூடும் குறையாது. வேகம்தான் வேண்டுமென்றால் இது நல்ல பலனே. அமைதி வேண்டுமென்றால் கூடவே பவர் லிமிட்டையோ (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பு) உச்ச கிளாக்கையோ இறக்க வேண்டும். ஆகவே ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்பே, வேகமா அமைதியா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சம் இரண்டும் என்றாலும் சரி, எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

என்விடியாவில் தவறான ஸ்லைடரைத் தொடுவது

கார்டின் செட்டிங்கை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ‘கோர் வோல்டேஜ்’ என்று ஒரு ஸ்லைடர் கண்ணுக்கு நேராக இருக்கும். இப்போதைய என்விடியா கார்டுகளில் அது வோல்டேஜைக் குறைக்காது. கூடுதல் வோல்டேஜுக்கு அனுமதி கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். குறைக்க வேண்டிய இடம், கண்ட்ரோலையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் கர்வ் என்ற வரைகோடு. அதில் கீழ் அச்சு வோல்டேஜ், பக்க அச்சு கிளாக். ஒவ்வொரு புள்ளியும் ‘இந்த வோல்டேஜில் இந்த கிளாக்’ என்று சொல்கிறது. உதாரணமாக 900 மில்லிவோல்ட் புள்ளியை உங்களுக்குத் தேவையான கிளாக்குக்கு உயர்த்தி, அதற்கு வலது பக்கம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அதே உயரத்துக்கோ அதற்குக் கீழேயோ இறக்கிவிட்டு அப்ளை செய்தால், கோடு அங்கிருந்து தட்டையாகிவிடும். அதற்கு மேல் வோல்டேஜ் கேட்கக் கார்டுக்குக் காரணமே இருக்காது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் பிடித்து மேலே இழுத்தால், இடது பக்கப் புள்ளிகள் பள்ளத்திலேயே கிடக்க, இது மட்டும் செங்குத்தாக நிற்கும். அப்போது திரையில் 1900 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினாலும், சிப் உண்மையில் ஓடும் வேகம் அதைவிடக் குறைந்துவிடலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். முழுக் கோட்டையும் சேர்த்து உயர்த்திவிட்டு, வலது பக்கத்தை மட்டும் இறக்கினால் இந்த இடைவெளி குறையும். ஆனால் அப்படிச் செய்யும்போது குறைந்த வோல்டேஜ் புள்ளிகளும் சேர்ந்து ஏறுகின்றன. கனமான கேமில் ஒன்றும் ஆகாத கார்டு, மெனுவிலோ வீடியோ பார்க்கும்போதோ தடுமாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். எப்படிச் செய்தாலும், முன்னும் பின்னும் ஒரே காட்சியில் எஃப்பிஎஸ் அளந்து ஒப்பிடுங்கள். கிளாக் எண்ணைவிட எஃப்பிஎஸ் எண்ணையே நான் நம்புவேன்.

இன்னொருவர் எண்ணை அப்படியே போடுவது

அதே மாடல், அதே பிராண்ட் என்றாலும் சிப் வேறு. ஒருவருக்கு 850 மில்லிவோல்ட்டில் நிற்கும் கிளாக், உங்கள் கார்டில் 900 கேட்கலாம். மற்றவர்களின் எண்கள் எங்கே தேடத் தொடங்குவது என்று காட்டும், அவ்வளவுதான். கிளாக்கை மாற்றாமல் 25 மில்லிவோல்ட் அளவில் படிப்படியாக இறக்குங்கள். தடுமாறியதும் ஒரு படி மேலே வந்துவிடுங்கள். கடைசி 10 மில்லிவோல்ட்டுக்காக மல்லுக்கட்டுவது வீண். அதில் கிடைப்பது ஓரிரு டிகிரிக்கு மேல் இருக்காது, போவதோ நிம்மதி.

ஃபர்மார்க் ஓடினால் போதும் என்று நம்புவது

ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் கார்டை உச்சக்கட்டச் சூட்டுக்குக் கொண்டுபோகும் என்பது உண்மை. ஆனால் அது இழுக்கும் மின்சாரத்துக்குக் கார்டு பவர் லிமிட்டில் முட்டி, கிளாக்கையும் வோல்டேஜையும் தானே இறக்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த 900 மில்லிவோல்ட் புள்ளியில் அது நிற்கவே நிற்காது. சோதிக்க நினைத்த புள்ளி சோதிக்கப்படாமலே, அரை மணி நேரம் ஓடியும் ‘பாஸ்’ வந்துவிடும்.

அதற்குப் பதிலாக 3டிமார்க்கின் டைம் ஸ்பை அல்லது ஸ்டீல் நோமேட் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அதோடு ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) உள்ள ஒரு கேமையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கேம்களில் வாரக்கணக்கில் நன்றாக ஓடிய அமைப்பு, ரே டிரேசிங்கை இயக்கியதும் விழுவது மிகவும் சகஜம், ஏனென்றால் சிப்பில் அதுவரை சும்மா இருந்த பகுதிகளும் அப்போது வேலைக்கு வருகின்றன.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். என்விடியா கார்டுகள் சூடாகச் சூடாக கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் போலச் சிறு படிகளில் இறக்கும், குளிர்ந்தால் ஏற்றும். கார்டு சூடாக இருக்கும்போது கர்வை அமைத்து மணிக்கணக்கில் சோதித்திருப்பீர்கள். மறுநாள் காலையில் கேமைத் திறந்த முதல் நிமிடத்தில் மூடிக்கொள்ளும். குளிர்ந்த கார்டு அதே வோல்டேஜில் ஓரிரு படி கூடுதல் வேகத்தில் ஓடியதே காரணம். ஆகவே குளிர்ந்த நிலையிலிருந்து கேமைத் தொடங்கி ஒரு தடவையாவது பாருங்கள்.

வோல்டேஜ் குறைந்ததால் கார்டு கெட்டுப்போகாது, அந்தப் பயம் வேண்டாம். கேம் தானாக மூடுவது, திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புவது போன்றவைதான் அறிகுறிகள். கார்டு 2 வினாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானே டிரைவரை மறுபடி தொடங்கும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருந்தால், கேம் மீது பழி போடுவதற்கு முன் வோல்டேஜை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். முக்கியமான வேலை எதையும் சேமிக்காமல் திறந்து வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். விண்டோஸ் தொடங்கும்போதே செட்டிங் அமலாகும் வசதியையும் சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு இயக்கினால் போதும்.

ஃபேனை மறந்துவிடுவது

சூடு 8 டிகிரி குறைந்தும் சத்தம் அப்படியே இருக்கிறது என்றால், பழைய ஃபேன் கர்வ் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு பயந்துபோய் 60 டிகிரிக்கே 70 சதவீதம் என்று வைத்திருந்தால், கார்டு குளிர்ந்தாலும் ஃபேன் இரையத்தான் செய்யும். அதைத் தளர்த்தினால்தான் அண்டர்வோல்ட்டின் பலன் காதுக்கு வரும். ஃபேன் வேகம் நிமிடத்துக்கு 1800 சுற்றிலிருந்து 1440-க்கு, அதாவது 20 சதவீதம் இறங்கினாலே சத்தம் சுமார் 5 டெசிபெல் குறையும். ஃபேன் அடிக்கடி நின்று நின்று தொடங்கினால் எரிச்சலாக இருக்கும். அப்போது ஆஃப்டர்பர்னரில் ஹிஸ்டெரிசிஸ் (எத்தனை டிகிரி இறங்கிய பிறகு ஃபேன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற) அளவைச் சில டிகிரி கூட்டினால் அது அடங்கும்.

அண்டர்வோல்ட்டால் தீராத சத்தமும் சூடும் உண்டு. காயில் வைன் எனப்படும் கீச்சுச் சத்தம் ஃபேனிலிருந்து வருவதல்ல. அதற்கு எஃப்பிஎஸ் வரம்பு வைப்பதே கூடுதலாக உதவும். மெமரிக்குத் தனி வோல்டேஜ் என்பதால் அதன் சூடு நேரடியாகக் குறையாது. சிப்பின் சராசரி வெப்பநிலை 65, ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) 95 என்று 30 டிகிரி இடைவெளி தெரிந்தால், தெர்மல் பேஸ்ட் அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். அதை வோல்டேஜால் மூடி மறைக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம், ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்கள் வேண்டாம். ஆஃப்டர்பர்னரும் அட்ரினலினும் ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும். டிரைவர் புதுப்பித்த பிறகும், கம்ப்யூட்டர் எதிர்பாராமல் அணைந்து எழுந்த பிறகும், செட்டிங் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஷ் ஆனால் அட்ரினலின் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது உண்டு. அதைக் கவனிக்காமல், அண்டர்வோல்ட் செய்த கார்டு என்று நினைத்துக்கொண்டே மாதக்கணக்கில் சாதாரண வோல்டேஜில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு சோதிக்க நேரம் இல்லாதவர்கள் பவர் லிமிட்டை மட்டும் 80 சதவீதத்துக்கு இறக்கலாம். தயாரிப்பாளர் அமைத்த கோட்டின் மீதே கார்டு கீழே இறங்கி வருவதால், அது நிலைகுலைய வழியில்லை. வேகம் கொஞ்சம் கூடுதலாகக் குறையும், ஃபேன் அடங்கிவிடும்.