ராத்திரி ஒன்பது மணிக்கும் அறை ஏன் வேகிறது? மேல்மாடி வீட்டில் வெப்பம் வரும் வழியைக் கண்டுபிடிக்கலாம்

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: கோடையில் மத்தியானத்தைவிட முன்னிரவில்தான் புழுக்கம் தாங்காது. வெயில் எப்போதோ இறங்கிவிட்டது, பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அது தெரியாமல் ஏசி வாங்கினால் கரண்ட் பில்தான் ஏறும். ஒரு விடுமுறை நாள் போதும், கையால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் ஊதுபத்தி, ஒரு பெரிய அட்டை, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் வெப்பமானி கிடைத்தால் மிக நல்லது. காய்ச்சல் பார்க்கும் வகை வேண்டாம், அது உடம்புச் சூட்டை மட்டுமே காட்டும்.

படி 1: கூரையை மணிக்கணக்கில் கவனியுங்கள்

பகல் 12 மணியிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு முறை மாடித் தரையையும் கீழே சீலிங்கையும் அளந்து எழுதுங்கள். கருவி இல்லையென்றால் உள்ளங்கை போதும். செருப்பில்லாமல் மட்டும் மாடிக்குப் போகாதீர்கள்.

மாடித் தரை ஒன்று, இரண்டு மணி வாக்கில் உச்சத்தைத் தொடும். சீலிங் அப்போது அவ்வளவு சுடாது. அது கொதிப்பது சாயங்காலம்தான். ஐந்தங்குல கான்கிரீட்டைக் கடந்து இறங்கச் சூட்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. இதற்குப் பெயர் வெப்பக் கடத்தல். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுமே, அப்படித்தான் கூரையும் வாங்கிய சூட்டை ராத்திரியில் மெல்ல விடுகிறது.

அளவையும் சொல்கிறேன். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. பத்துக்குப் பத்து அறையின் கூரை ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதாவது 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்பதைத் தலைக்கு மேல் பரப்பி வைத்த மாதிரி! அதில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும், ஆனால் அதுவே போதும் தூக்கம் கெட. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கே வருவதால், சுவர்களைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது.

படி 2: அட்டையைப் பிடியுங்கள்

ராத்திரி எட்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு அண்ணாந்து நில்லுங்கள். முகத்தில் லேசாக அனல் அடிக்கும். முகத்துக்கு மேலே அட்டையைப் பிடித்தால் உடனே குறையும். காற்றின் சூடு அதேதான், அட்டை மறித்தது சீலிங்கிலிருந்து வரும் கதிர்வீச்சை. மேற்குச் சுவர்ப் பக்கம் திரும்பியும் இதைச் செய்து பாருங்கள்.

படி 3: ஊதுபத்தி

ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து அருகில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். பெரும்பாலும் புகை அங்கேயே சுற்றும். அப்புறம் எதிர்ப்பக்க ஜன்னலையும் திறங்கள். புகை ஒரு பக்கமாக ஓடினால் காற்றுக்கு வழி இருக்கிறது. வெளிக்காற்று குளிர்ந்த பிறகு திறப்பது, பகலில் மூடுவது, இவ்வளவுதான்.

படி 4: சுண்ணாம்புக் கட்டம்

மாடியில் மூன்றடிக்கு மூன்றடி சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். மறுநாள் ஒரு மணிக்கு அதிலும் பக்கத்துச் சாம்பல் தரையிலும் மாறி மாறிக் கை வையுங்கள். சாம்பல் தரையில் கை நிற்காது, வெள்ளையில் நிற்கும். இதை ஒரு முறை தொட்டுப் பார்த்தவருக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

இனி வைத்தியம். முதலில் மாடி முழுக்க வெள்ளை. மழையிலும் தூசியிலும் மங்கும் என்பதால் வருடா வருடம், மார்ச்சுக்குள் அடித்துவிடுங்கள். அடுத்து, மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு உள்ளேயேதான் தங்கும்.

மாடிக்குப் புதிதாகத் தட்டோடு பதிப்பதாக இருந்தால், அதற்கு அடியில் கெட்டியான தெர்மாகோல் வகை வெப்பத்தடுப்புப் பலகை வைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். ஓர் அங்குலப் பலகை தடுக்கும் அளவுக்குக் கான்கிரீட் தடுக்க வேண்டுமானால், அது சுமார் மூன்றடி கனம் இருக்க வேண்டும்.