மாற்று உறுப்போடும் டயாலிசிஸோடும் விளையாடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தவறு விளையாடாமலே இருப்பதுதான். ஆபரேஷன் முடிந்தது, இனி அலுங்காமல் குலுங்காமல் உட்கார்ந்திரு என்று வீட்டில் உள்ளவர்களே பாசத்தில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். ஆனால் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை தொடைத் தசையைக் கரைக்கும், எலும்பைப் பலவீனமாக்கும், சர்க்கரையை ஏற்றும். உட்கார்ந்தே இருந்தால் இவை எல்லாமே இன்னும் மோசமாகும். 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் மாரிஸ் ஸ்லாபக் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்த உலக உறுப்புமாற்று விளையாட்டுப் போட்டி இன்றும் நடக்கிறது, 2023இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், 2025இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில். மாற்று உறுப்போடு ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள்.

அதற்காக மறுவாரமே கிளம்பிவிடவும் கூடாது. வயிற்றுத் தையல் உள்ளே ஆறுவதற்கு 6 முதல் 8 வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. அதற்குள் எடை தூக்கினால் குடலிறக்கம் வரலாம். நடை மட்டும் போதும்.

அடுத்தது, மற்றவர்களின் பயிற்சி அட்டவணையை அப்படியே பின்பற்றுவது. மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும், அதனால் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும், ஓட ஆரம்பித்தாலும் உடனே ஏறாது, நின்ற பிறகும் சட்டென்று இறங்காது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகம் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் சரியான அளவு. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நிதானமாக நடக்க வேண்டும், ஓடிவிட்டு டக்கென்று உட்காரக்கூடாது. மாற்றுச் சிறுநீரகமோ முதுகுப் பக்கம் விலா எலும்பின் மறைவில் இல்லாமல் அடிவயிற்றில் முன்பக்கமாக இருக்கிறது, ஒரு முழங்கை இடித்தாலும் நேராக அதில்தான் படும். குத்துச்சண்டை, கபடி, ரக்பி வேண்டாம்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டுவிட்டு மைதானத்துக்குப் போவது உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் ஏற்கெனவே ஏறியிருக்கும் பொட்டாசியம் கடும் பயிற்சியில் இன்னும் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டயாலிசிஸ் முடிந்த கையோடு ஓடுவதும் தவறு, அப்போது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், தலை சுற்றும். டயாலிசிஸ் இல்லாத நாள்தான் நல்லது. சில மையங்களில் டயாலிசிஸ் நடக்கும்போதே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் படுத்தபடி மிதிக்கிற சைக்கிள் வைத்திருக்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பதுதான் ஃபிஸ்டுலா. அந்தக் கையை அசைக்கவே கூடாது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பந்தை அழுத்திப் பிடித்து விடும் பயிற்சியை டாக்டர்களே அந்தக் கைக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், ரத்தக்குழாய் நன்றாக விரிவதற்காக. இறுக்கமான பட்டை, வாட்ச், பாரம் தொங்கும் பை ஆகியவைதான் கூடாது. விளையாடிவிட்டு வந்ததும் விரலை வைத்துப் பாருங்கள், உள்ளே ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீர் விஷயத்தில் குழப்பிக்கொள்ளக்கூடாது. சிறுநீரகம் மாற்றியவர் வியர்க்க வியர்க்கக் குடிக்க வேண்டும், வறண்டால் புதுச் சிறுநீரகம்தான் அடிவாங்கும். டயாலிசிஸில் இருப்பவர் தனக்குச் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது, பொட்டாசியம் கலந்த விளையாட்டுப் பானங்கள் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

உடம்பு வலிக்கிறது என்று கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்துக்கு அது இரட்டை அடி. ஜிம்மில் யாரோ சொன்ன பவுடரும் அப்படித்தான், கிரியேட்டின் சாப்பிட்டால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் அளவு கூடிக் காட்டும், உறுப்பு நிராகரிப்போ என்று டாக்டரே குழம்புவார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளால் தோல் புற்றுநோய் அபாயம் கூடுதல், அதனால் வெயிலில் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் கட்டாயம்.

அப்புறம் உறுப்பு தான விழிப்புணர்வு. ஓட்டத்தை நடத்திப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு முடித்துக்கொள்கிறார்கள். மூளைச்சாவு நேரும்போது மருத்துவர்கள் பேசுவது குடும்பத்தோடுதான், அவர்களுக்கு உங்கள் விருப்பம் தெரியாவிட்டால் பல இடங்களில் அந்தக் கையெழுத்து பயன்படாமலே போகும். மூளைச்சாவை கோமா என்று சொல்வதும் தவறு. கோமாவில் இருப்பவர் மீண்டு வரலாம், மூளைச்சாவு என்றால் இறப்பு. ஒருவர் எட்டுப் பேர் வரை காப்பாற்ற முடியும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சொல்லட்டும், உறவினர்கள் தயங்குவது பெரும்பாலும் இங்கேதான். பதக்கம் வாங்கியவர் தானம் தந்த குடும்பத்தைத் தானே தேடிப்பிடித்துப் போய் நிற்கவும் கூடாது. மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பெயர் குறிப்பிடாமல் ஒரு கடிதம் அனுப்பலாம், படிப்பதும் பதில் போடுவதும் அவர்கள் விருப்பம்.