பழைய பிக்கப் வாங்குமுன் அடியில் படுத்துப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மைவி கார் ஒன்று இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றத்தான் இரண்டாவதாகப் பழைய பிக்கப் தேடினேன்.

மேல்வண்ணத்தை நம்பாதீர்கள். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். உரமூட்டை சுமந்த வண்டியின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, உரத்தின் உப்பு அரித்திருக்கும். பின்சக்கரத்துக்கு மேலே சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்ல இரும்பு. ‘பொத்’தென்று துரு உதிர்ந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். நான் முதலில் பார்த்த வண்டியில் சுத்தியல் முனையே உள்ளே இறங்கியது. அதன்மேல் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தார்கள்! இன்றும் வயிறு எரிகிறது.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடேற்றிய டீசல் எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். நான்கு சக்கர இயக்கத்தைச் சேற்றுப் பாதையில் சோதியுங்கள், தார்ச்சாலையில் வேண்டாம். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவு ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.