காவடிப் படத்துக்கு 135 லென்ஸ் வேண்டுமா?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அன்று படமெடுக்க, ஜூம் செய்ய முடியாத 135 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்) வாங்க நினைப்பவர்கள், முதலில் போன வருடப் படங்களைத் திறந்து பாருங்கள். ஜூமில் எடுத்த நல்ல படங்கள் பெரும்பாலும் 135ஐ ஒட்டியே இருந்தால் சரி, மேலே யோசிக்கலாம்.

கோயிலுக்குள் எஃப் 2.8இல் 1/200 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும் வெளிச்சத்தில், எஃப் 1.8இல் ஏறக்குறைய 1/500 கிடைக்கும். ஆடும் காவடிக்கு இது பெரிய உதவி. ஆனால் ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில், மூன்று மீட்டர் தூரத்தில் தெளிவாக விழுவது சுமார் 5 செ.மீ. ஆழம்தான், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கன்னத்து அலகின் நுனி மங்கிவிடும். வெயிலில் போகும் ஊர்வலத்துக்கு ஜூமே போதும், 135இல் படம் அடங்கவில்லை என்றால் கூட்டத்தில் பின்னால் நகரவும் இடமிருக்காது. என்னைக் கேட்டால், கோயிலுக்குள் அதிகம் எடுப்பவருக்குத்தான் இந்தச் செலவு தகும். அப்புறம், ஒருநாள் இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டிப் பாருங்கள். கேமரா இல்லாமலே பல மாடல்கள் ஒரு கிலோவை நெருங்கும்.