முதல் .22 ரைஃபிள்: போல்ட் ஆக்‌ஷனா, செமி ஆட்டோவா?

அமெரிக்காவில் முதன்முதலாகத் துப்பாக்கி சுடப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது .22 லாங் ரைஃபிள் என்ற குட்டித் தோட்டாவைத்தான். 1887இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, விலை குறைவு, தோளில் உதைப்பது தெரியவே தெரியாது, சத்தமும் பெரிய ரைஃபிள்களோடு ஒப்பிட்டால் குறைவுதான் (அதற்காகக் காதை மூடாமல் சுடக்கூடாது). கடைக்குள் போனதும்தான் உண்மையான குழப்பம் வரும். போல்ட் ஆக்‌ஷன் வாங்குவதா, செமி ஆட்டோமேட்டிக் வாங்குவதா? குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு போல்ட்டுக்கு. விதிவிலக்குகள் உண்டு, கீழே வருகின்றன.

படி 1: முதலில் சட்டம்

நம்மவர்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி பொதுவாகத் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் மைதானத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே சிக்கல் வரும் என்பதால், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க மத்திய சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும், அது போல்ட்டா செமி ஆட்டோவா என்ற கேள்வியையே தீர்மானித்துவிடலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 2018இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம் செமி ஆட்டோ ரைஃபிள் வாங்க 21 வயது என்று வைத்தது, அதில் சாதாரண .22 கூட அடக்கம். வேட்டைக்கும் தனி விதிகள்: பென்சில்வேனியாவில் சிறு விலங்கு வேட்டைக்கு செமி ஆட்டோ ரைஃபிளை அனுமதித்ததே 2017இல்தான். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குக் கேள்வியே ஏறக்குறைய முடிந்துபோன ஒன்று. 1996க்குப் பிறகு அங்கே செமி ஆட்டோ .22க்குத் தனியாக, கடுமையான உரிம வகை வேண்டும்.

படி 2: இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்

போல்ட் ஆக்‌ஷனில் எல்லாம் உங்கள் கை வேலை. குழலின் பின்வாயை மூடும் உலோகத் தண்டுதான் போல்ட்; அதன் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலி உறை வெளியே விழும், முன்னால் தள்ளிக் கீழே இறக்கினால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) போய்ப் பூட்டிக்கொள்ளும். செமி ஆட்டோவில் சுடும்போது எழும் அழுத்தமே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி உறையை வீசிவிடும், ஸ்பிரிங் அதை முன்னால் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டாதான் போகும். ராணுவத்தின் தானியங்கித் துப்பாக்கி போலச் சடசடவென்று பொழியும் என்று நினைத்தால் அது வேறு ரகம்.

இந்த "தானாக ஏறிவிடும்" என்பதில்தான் என் கவலையும் இருக்கிறது. செமி ஆட்டோவில் சுட்ட மறுகணமே துப்பாக்கி மீண்டும் சுடத் தயாராக நிற்கிறது, புதிதாக வந்தவர் இலக்கில் பட்ட சந்தோஷத்தில் "பாத்தியா" என்று துப்பாக்கியோடு பக்கவாட்டில் திரும்பும்போதும் அப்படியேதான் நிற்கிறது. போல்ட்டில் அடுத்த தோட்டாவை நீங்களே ஏற்றினால்தான் உண்டு, கைப்பிடி மேலே தூக்கியிருந்தால் சுடாது என்பது பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதோடு, 1964இலிருந்து விற்பனையில் இருக்கும், மிகவும் பிரபலமான ரூகர் 10/22 செமி ஆட்டோவில், கடைசித் தோட்டா போன பிறகு போல்ட் திறந்தபடி நிற்காது, மூடிக்கொண்டுவிடும். காலியா இல்லையா என்று நீங்களாக மேகசினை (தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டி) கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 3: என்ன சுடப்போகிறீர்கள்?

காகித இலக்கு, துல்லியம், பொறுமை என்றால் போல்ட். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கும் இதே .22 தோட்டாதான், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 10.4 மில்லிமீட்டர், அதை ஒவ்வொன்றாகத் தோட்டா ஏற்றிச் சுடும் துப்பாக்கியால் அடிக்கிறார்கள். 2024 பாரிஸில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்தப் பிரிவில்தான்.

நேரக் கணக்கு வைத்துச் சுடும் பயிற்சி என்றால் கதை வேறு. ஆப்பிள்சீட் என்று அமெரிக்கா முழுக்க வார இறுதிகளில் ஒரு பயிற்சி நடக்கிறது, மிக நல்ல பயிற்சி; அதன் தேர்வில் ஒரு கட்டத்தில் 55 விநாடிக்குள் 10 தோட்டா, நடுவில் மேகசினும் மாற்ற வேண்டும். போல்ட்டோடு போகலாம், போகிறவர்களும் உண்டு, ஆனால் தொடக்கக்காரருக்குத் திணறல்தான். தகர டப்பாக்களை வரிசையாக விழவைத்துச் சிரிப்பதுதான் ஆசையா? தாராளமாக செமி ஆட்டோ எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும், தோட்டாப் பெட்டி சமோசா தட்டு மாதிரி கண்ணெதிரே காலியாகும்.

படி 4: அளவு பாருங்கள்

கடைக்காரரிடம் சேம்பர் காலி என்று காட்டச் சொல்லி, நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் வைத்துத் தோளில் ஏற்றுங்கள். கழுத்தை நீட்டாமல், தலையைக் குனியாமல் கன்னம் கட்டையில் (தோளில் பதியும் பின்பகுதி) படிந்து, கண் ஸ்கோப்புக்கு நேராக வர வேண்டும். ட்ரிகருக்கு விரல் நுனி எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம். சின்னப் பிள்ளைகளுக்கென்று குட்டைக் கட்டையுள்ள மாடல்கள் இரண்டு வகையிலும் கிடைக்கின்றன. இடது கைக்காரர்களுக்கு போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருப்பது தொல்லை, செமி ஆட்டோவில் சூடான உறை முகத்துக்கு முன்னால் பறப்பது தொல்லை. சாவேஜ் மார்க் 2 போன்ற சில போல்ட் மாடல்களில் இடது கைப் பதிப்பே உண்டு.

முடிந்தால் ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஒரே தோட்டாவால், ஒரே தூரத்தில், மேசைமேல் தாங்கு வைத்து ஐந்தைந்தாகச் சுட்டுப்பாருங்கள். எதில் குழி நெருக்கமாக விழுகிறது என்பதைவிட எதில் குறி விலகாமல் ட்ரிகரை அழுத்த முடிகிறது என்று கவனியுங்கள்.

படி 5: தோட்டா

செமி ஆட்டோ தோட்டா விஷயத்தில் வாய்க்கு ருசி பார்க்கும் ஜாதி. ஒலியைவிட மெதுவாகப் போகும் மென்மையான தோட்டாக்களில் போல்ட்டைப் பின்னால் தள்ளப் போதுமான வேகம் இல்லாமல் அடிக்கடி சிக்கிக்கொள்ளும், அதிவேக வகைதான் ஒழுங்காக ஓடும். போல்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை, .22 லாங் ரைஃபிளில் எந்த வகையைப் போட்டாலும் சுடும். நாலைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் துப்பாக்கிக்குப் பிடித்தது உங்களுடையதற்குப் பிடிக்காமல் போகலாம்.

.22இல் எப்போதாவது ஒரு தோட்டா வெடிக்காமல் "டிக்" என்று மட்டும் கேட்கும். உடனே திறக்காதீர்கள், இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டுப் பிறகு எடுங்கள். வெடித்தும் சத்தம் சொத்தையாகக் கேட்டால் நிறுத்துங்கள், இறக்குங்கள், குழலுக்குள் ஈயம் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுட வேண்டாம். சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியமும் வேண்டாம், மேல்நோக்கிச் சுட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும்.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லையா? ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் என்ற போல்ட் ரைஃபிளின் .22 லாங் ரைஃபிள் மாடல், 10/22இன் அதே பத்துத் தோட்டா மேகசினை எடுத்துக்கொள்ளும். அதை இப்போது வாங்குங்கள், பிறகு ஆசை விடவில்லை என்றால் 10/22 வாங்கும்போது மேகசின் செலவாவது மிச்சம். கூடவே பூட்டுள்ள பெட்டி ஒன்று, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, கண்ணாடி, காது மூடி. ரேஞ்சிலிருந்து வந்ததும் சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், விரலெல்லாம் ஈயத்தூள் ஒட்டியிருக்கும்.