உங்க தெரு மழைநீர் வடிகால் எவ்ளோ தண்ணி தாங்கும்? நீங்களே கணக்கு போடலாம்

மழை விட்டு ரெண்டு நாளாகியும் தெருவுல தண்ணி நிக்குதுன்னா வடிகால் பத்தலையா, அடைச்சிருக்கா, இல்ல தண்ணி போய் சேர்ற இடமே ரொம்பி நிக்குதான்னு மூணையும் பிரிச்சு பாக்கணும். டேப், நீளமான கம்பி, மேஸ்திரிங்க மட்டம் பாக்க வச்சிருக்க டியூப் லெவல் (தண்ணி ரொப்பின டியூப்), போன்ல கால்குலேட்டர் போதும். கீழ இருக்க அளவெல்லாம் உதாரணத்துக்குதான், உங்க தெரு அளவ போட்டுக்கோங்க.

ஸ்டெப் 1: எவ்ளோ தண்ணி வரும்?

கால்வாய்க்கு தண்ணி வந்து சேர்ற ஏரியாவ சாட்டிலைட் மேப்ல அளந்துக்கோங்க, 12 ஹெக்டேர்னு வைப்போம். வீடும் சிமென்ட் ரோடுமா நெருக்கமான இடம்னா பெய்யறதுல சுமார் 80 சதவீதம் ஓடி வந்துடும், அதாவது 0.8. மழை மணிக்கு 60 மிமீ. மூணையும் பெருக்கி 360ஆல வகுத்தா விநாடிக்கு 1.6 கனமீட்டர்.

இங்க ஒரு நாள் மழையளவ போட்றாதீங்க. 2015 டிசம்பர் 1 மழையில தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. பதிவாச்சு, அத சராசரியா பிரிச்சா மணிக்கு 20 மிமீ தான் வருது, ஆனா மழை சீரா பெய்யாது, சின்ன தெரு கால்வாய திணறடிக்கறது அந்த அரை மணி, ஒரு மணி நேர கொட்டு தான்.

ஸ்டெப் 2: கால்வாய் எவ்ளோ கொண்டு போகும்?

இதுக்கு மேனிங் ஃபார்முலா, கால்வாய்ல தண்ணி ஓடற வேகத்த கணக்கு போடறது. அகலம் 1.2 மீ, ஆழம் 1 மீ கான்கிரீட் கால்வாய்னா குறுக்கு பரப்பு 1.2 சதுர மீ. தண்ணி தொடுற அடி, ரெண்டு பக்க சுவர் சேத்து 3.2 மீ. பரப்ப அதால வகுத்தா 0.375. சரிவுக்கு டியூப் லெவல், 30 மீட்டர் தூரத்துல கால்வாய் அடி 3 செ.மீ. இறங்கியிருந்தா ஆயிரத்துக்கு ஒண்ணு, 0.001.

வேகம் = (0.375 இன் 2/3 அடுக்கு) × (0.001 இன் வர்க்கமூலம்) ÷ 0.015. கடைசி எண் கான்கிரீட்டோட சொரசொரப்பு. விடை விநாடிக்கு 1.1 மீ, பரப்பால பெருக்கினா 1.3 கனமீட்டர். வர்றது 1.6, அப்போ சுத்தமா இருந்தாலுமே பத்தல.

இப்போ கம்பிய விட்டு குத்தி பாருங்க, 30 செ.மீ. சேறு இருக்குன்னு வைங்க. ஆழம் 0.7 மீ ஆயிடும், அடி சொரசொரப்பாகி 0.015 இருந்த எடத்துல 0.02 போடணும், திரும்ப கணக்கு போட்டா 0.63 தான் வருது! ஆழத்துல மூணுல ஒரு பங்கு கூட போகல, ஆனா கொள்ளளவுல பாதிக்கு மேல போச்சு. தூர் வாரலன்னு நாம கத்துறது இதுக்குதான். அளக்கறப்போ மூடின கால்வாய்க்குள்ள யாரும் இறங்கவே கூடாது, விஷவாயு ஆள கொன்னுடும், எல்லாமே மேல இருந்துதான்.

ஸ்டெப் 3: கல்வெர்ட்

ரோட்டுக்கு அடியில போற குழாய் 900 மிமீ, பரப்பு 0.636. குழாய் அடியிலருந்து ரோடு 1.2 மீ உயரம்னா, ரோட்ட தொடுற அளவு தண்ணி ஏறினா குழாய் மையத்துக்கு மேல 0.75 மீ நிக்கும். 0.6 × 0.636 × ((2 × 9.81 × 0.75) இன் வர்க்கமூலம்) = விநாடிக்கு 1.46 கனமீட்டர். 0.6 குழாய் வாயில தண்ணி நெருக்கி நுழையறதுக்கான கழிவு, 9.81 புவியீர்ப்பு. அதுக்கு மேல வந்தா ரோடு மேலதான் ஓடும். குறுக்க கேபிளோ குடிநீர் பைப்போ போகுதான்னும் பாருங்க, குப்பை அதுலதான் போய் மாட்டும்.

ஸ்டெப் 4: அந்தப்பக்கம் தண்ணி எவ்ளோ நிக்குது?

பலபேர் இத விட்டுடறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். வெளிய போற பக்கமும் குழாய் முழுகி, ரெண்டு பக்க மட்டத்துக்கும் 20 செ.மீ. தான் வித்தியாசம்னா, 0.75க்கு பதிலா 0.2 போடுங்க, 1.46 இருந்தது 0.76 ஆயிடும். சென்னையில பள்ளிக்கரணை சதுப்புநிலத்து தண்ணி ஒக்கியம் மடுவுங்கற நீர்வழி வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு போய்தான் முட்டுக்காடு பக்கம் கடல சேரணும், அங்க மட்டம் ஏறி நின்னா மேல இருக்க தெரு கால்வாய எவ்ளோ அகலப்படுத்தினாலும் தண்ணி நகராது. அதனால மழை பெய்யறப்பவே வெளியேறும் எடத்துல தண்ணி நிக்கற மட்டத்துக்கு சுவர்ல பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க.

கிடைச்ச நம்பர்ல எது சின்னதோ அதுதான் உங்க கால்வாயோட உண்மையான கொள்ளளவு, இங்க சேறு இருக்க பகுதி 0.63. முதல் கோரிக்கை தூர் வாரறது, அப்பறம்தான் அகலப்படுத்தறது. டேப் தெரியற மாதிரி போட்டோவோட இந்த கணக்கையும் சேத்து ஆகஸ்ட்லயே வார்டு இன்ஜினியர்கிட்ட மனுவா குடுங்க, அக்டோபர்ல வடகிழக்கு பருவமழை தொடங்கிட்டா யாராலயும் உள்ள கை வைக்க முடியாது.