கடையைக் கட்டும் நேரம்: வானத்தைப் பார்த்து மழையைக் கணிப்பது எப்படி

எனக்கு நில அளவை வேலை. முக்காலியில் கருவியை நிறுத்திவிட்டு, உதவியாளர் கையில் உலோகக் கம்பத்தைக் கொடுத்து வெட்டவெளியின் நடுவில் நிற்க வைக்கிற பிழைப்பு. 'பிற்பகலில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு' என்று போன் சொன்னால் அது எனக்குப் பாதித் தகவல்தான். இரண்டு மணிக்கா, ஆறு மணிக்கா? அதோ அந்த மேகமா, இல்லை அதற்குப் பின்னால் இருப்பதா? மீதிப் பாதியைத் தலையை நிமிர்த்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேகங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். 1802-ல் லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து தயாரிப்பாளர் மேகங்களுக்கு லத்தீன் பெயர் வைத்தார், இன்றைய வகைப்பாடு அதிலிருந்து கிளைத்ததுதான். அதில் நார் நாரான கீற்று, குவியலான திரள், விரிப்பு மாதிரியான படை என்ற மூன்று தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பெயரைவிட, மேகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு கம்பத்தையோ கட்டட விளிம்பையோ அடையாளமாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு மேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து அதையே பாருங்கள். மேலே வளர்ந்திருக்கிறதா, பக்கவாட்டில் படர்ந்திருக்கிறதா, கரைந்துவிட்டதா? ஒரு தடவை பார்த்துச் சொல்வது ஜோசியம். இரண்டு தடவை பார்த்தால்தான் கணிப்பு.

மேகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது சுலபமாகப் பிடிபடும். வெயிலில் தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி எழும்புகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் அந்தக் காற்று விரிகிறது. விரிவதாலேயே குளிர்கிறது, கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. ஓர் உயரத்தில், சுமந்து வந்த நீராவியை அதனால் ஆவியாகவே வைத்திருக்க முடியாது. தூசி, உப்பு, புகைத் துகள்களின் மேல் அது நுண்துளியாகப் படிகிறது. திரள் மேகங்களின் அடி எல்லாம் கோடு போட்டு வெட்டியது மாதிரி ஒரே மட்டத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த மட்டத்தை நீங்களே கணக்குப் போடலாம். வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு 'ட்யூ பாயிண்ட்' என்று ஓர் எண் இருக்கும், நாம் பனிநிலை என்கிறோமே அது. காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராவி துளியாகத் தொடங்கும் என்பதைச் சொல்லும் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் என்று தோராயமாக வரும். வெப்பநிலை 34, பனிநிலை 24 என்றால் 1,250 மீட்டர். வித்தியாசம் சிறிதாக இருந்தால் காற்றில் ஈரம் அதிகம், மேகமும் தாழ்வாகவே பிடிக்கும். நான் காலையில் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

இனி மழைக்கு வருவோம். என் வசதிக்கு மழையை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: படர்ந்து வருவது, எழும்பி வருவது.

படர்ந்து வருகிற மழை ஆற அமர வரும், முன்னாடியே சொல்லிக்கொண்டும் வரும். மிதவெப்ப நாடுகளில் இது பெரும்பாலும் வளிமுகங்களின் வேலை. ஒரு பெரிய குளிர்காற்றுத் தொகுதியும் வெப்பக்காற்றுத் தொகுதியும் சந்திக்கிற எல்லைதான் வளிமுகம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, நார்வேயின் பெர்கன் நகரில் வானிலையியலாளர் வில்ஹெம் பியர்க்னெஸும் அவர் மகன் யாக்கோபும் மற்றவர்களும் சேர்ந்து இதை வகுத்தார்கள். லேசான வெப்பக்காற்று, கனத்த குளிர்காற்றின் மேல் ஏறும். ஏற்றம் மிகச் சாய்வானது, ஒரு கிலோமீட்டர் உயர ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஆகவே மழை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே அதன் மேல்விளிம்பு உங்கள் தலைக்கு மேல் கீற்று மேகமாக வந்துவிடும். அப்புறம் மெல்லிய பால்நிறப் படலம், அதில் சூரியனையோ நிலவையோ சுற்றி ஒரு வட்டம். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலை நிலவின் மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொடும், ஏறத்தாழ 22 பாகை. பனிப் படிகங்களில் ஒளி வளைவதால் வருவது அது. 'அகல் வட்டம் பகல் மழை' என்று பழமொழி சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஆனால் வட்டத்தைக் கண்டதுமே குடையைத் தேட வேண்டாம். எங்கோ பெய்து ஓய்ந்த இடிமேகத்தின் உச்சி கலைந்து மிதந்து வந்தாலும் இதே வட்டம் வரும். வெப்பமண்டலத்தில் பெரும்பாலும் அப்படித்தான். படலம் தடிக்கிறதா என்று பாருங்கள். அதற்கு உங்கள் நிழலே போதும். நிழலின் விளிம்பு கூர்மையாக இருந்தால் சரி. விளிம்பு கரைந்து, ஒரு கட்டத்தில் நிழலே விழவில்லை என்றால் மேகம் தடித்து இறங்குகிறது, சில மணி நேரத்தில் நின்று பெய்யும் மழை வரலாம். குளிர்காற்று முன்னேறி வருகிற குளிர் வளிமுகம் இதற்கு நேர்மாறு. செங்குத்தாக முட்டித் தூக்கும், சட்டென்று வந்து சட்டென்று போகும். போன பின் காற்றின் திசை மாறி, வெப்பநிலை இறங்கி, அழுத்தம் ஏறும்.

அழுத்தம் என்றதும் போனில் உள்ள அழுத்தமானி ஞாபகத்துக்கு வருகிறது. நல்ல கருவிதான், ஆனால் இரண்டு விதத்தில் ஏமாற்றும். எட்டு மீட்டர் மேலே ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும், அதனால் மாடிப்படி ஏறிவிட்டுப் புயல் வருகிறது என்று பயப்படாதீர்கள். அடுத்து, வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு, நடுவே இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். அதனால் நேற்று இதே நேரத்தில் என்ன இருந்ததோ அதோடுதான் ஒப்பிட வேண்டும். தாழ்வு எந்தப் பக்கம் என்று அறிய, 1857-ல் டச்சு வானிலையியலாளர் பைஸ் பாலட் சொன்ன விதி இருக்கிறது. வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடது கைப்பக்கம், தென்கோளத்தில் வலது கைப்பக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டி இது செல்லாது.

வெப்பமண்டலப் புயல் வேறு ரகம். அதில் வளிமுகமே கிடையாது. சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடல்தான் அதற்கு எரிபொருள். அதைக் கண்ணால் கணிக்க முயலாதீர்கள், எச்சரிக்கை வந்தால் கேட்டு நடங்கள். நடுவில் காற்று அடங்கி வானம் வெளுத்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம், எதிர்த்திசைக் காற்று பின்னாலேயே வரும்.

இனி எழும்பி வருகிற மழை. என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து இதில்தான்.

சில நாள் காலையிலேயே நடுவானத்தில் சின்னச் சின்னக் கோபுரங்கள் வரிசையாக முளைத்திருக்கும். அடி ஒரே கோட்டில், தலை மட்டும் துருத்திக்கொண்டு. நடு உயரத்தில் காற்று நிலையாக இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு முக்கியமான அளவுகளை மதியத்துக்குள் முடித்துவிடுவேன்.

பதினொரு மணிக்குப் பிறகு திரள் மேகங்கள் வரும். அவை அகலமாகவும் தட்டையாகவும் நின்றால் மேலே ஒரு சூடான காற்றடுக்கு மூடி போட்டிருக்கிறது, கவலை வேண்டாம். உயரம் அகலத்தைத் தாண்டினால் கவனிக்கத் தொடங்குங்கள். ஒரு கிலோ நீராவி துளியாக மாறும்போது ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளியாகிறது. அந்த வெப்பத்தால் மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 10 டிகிரிக்குப் பதிலாக 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரை ஏறிக்கொண்டே இருக்கும்.

இப்போது மேகத்தின் தலையை மட்டும் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி முண்டு முண்டாக, விளிம்பு கத்தரித்தது போல இருந்தால் இன்னும் நீர்த்துளிதான், வளர்ச்சி நடக்கிறது. ஏதோ ஒரு முண்டின் விளிம்பு மங்கி, நார் நாராகப் பிசிறத் தொடங்கும். துளிகள் பனியாக மாறிவிட்டன. பனியும் நீரும் சேர்ந்து மோதினால்தான் மின்னூட்டம் பிரியும். எனக்கு அந்தப் பிசிறுதான் மணி அடித்த மாதிரி, இடிக்காகக் காத்திருக்க மாட்டேன். அப்புறம் உச்சி பக்கவாட்டில் தட்டையாக விரியும். அடிவளிமண்டலத்தின் கூரையை முட்டிவிட்டது என்று பொருள். வெப்பமண்டலத்தில் அது 16, 17 கிலோமீட்டர் உயரம்.

நம் பக்கம் வருகிறதா? தரைக்காற்றை நம்பாதீர்கள், மேகத்தை நகர்த்துவது மேலே உள்ள காற்று. அடிவானத்தில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ குறிவையுங்கள். மேகம் அதைத் தாண்டி இடமோ வலமோ நகர்ந்தால் பெரும்பாலும் விலகிப் போகும். இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே போனால் நேராக நம்மிடம்தான்.

அடுத்து காற்று. அதுவரை மேகத்தை நோக்கி வீசிய காற்று சட்டென்று அடங்கும். கம்பத்தின் மட்டக்குமிழ் அப்போதுதான் அசையாமல் நிற்கும், 'இன்னும் இரண்டு புள்ளி எடுத்துவிடலாம் சார்' என்று ஆசையும் வரும். எடுக்காதீர்கள். மழையோடு இறங்கும் காற்று, துளிகள் ஆவியாவதால் குளிர்ந்து கனத்து, தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. மேகத்தின் திசையிலிருந்து ஜில்லென்று புழுதியோடு முகத்தில் அறையும் காற்று அதுதான். வெப்பநிலை சில நிமிடத்தில் ஐந்து, பத்து டிகிரிகூட இறங்கும். முக்காலி சாய்வதும் இந்த முதல் வீச்சில்தான். குளிர்காற்று வந்துவிட்டால் மழைக்குப் பல சமயம் சில நிமிடங்கள்தான் மிச்சம்.

மின்னல் கண்டதும் எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் நீங்கள் கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ இருக்க வேண்டும். மரத்தடியும் தகரப் பந்தலும் கணக்கில் வராது. மழை எல்லையைத் தாண்டி 10, 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். ஆகவே இடி காதில் விழுகிற தூரமே ஆபத்தான தூரம்தான்.

தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம். ஆனால் அது துப்பிய குளிர்காற்று, ஓரத்தில் உள்ள சூடான காற்றைத் தூக்கி அடுத்த மேகத்தை உருவாக்கலாம். அதனால் மழை விட்டதும் போன மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், குளிர்காற்று எந்தப் பக்கம் போனதோ அங்கே புதிய முண்டு கிளம்புகிறதா என்று பாருங்கள். கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் கழித்துத்தான் கருவியை வெளியே எடுப்பேன். இருபத்தெட்டாவது நிமிடத்தில் ஒன்று உறுமினால் மறுபடியும் முதலிலிருந்து முப்பது.